கணினி விளையாட்டில் காளி

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் பத்திரகாளி அம்மன் கோயிலில், திரை விலகித் தீபம் காட்டும் வேளையில், என் பேரன் சேலைத் தலைப்பைப் பிடித்திழுத்து, "அம்மம்மா, இந்தக் காளிக்கு எவ்வளவு பவர் இருக்கு?" என்று கேட்டான். அவன் அறிந்த காளி, 'ஸ்மைட்' என்னும் கணினி விளையாட்டில் ஏனைய தெய்வங்களோடு மோத விடப்படுபவள். அவளைச் சித்திரித்த விதத்தை எதிர்த்து 2012இல் இந்துக்கள் சிலர் குரல் கொடுத்ததன் நியாயம் அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது.

ஆயினும் நான் தடை கேட்டு எழுதவில்லை. புனே நகரில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் விளையாட்டில், தம்பியைத் தேடிச் செல்லும் சிறுமிக்குத் துர்க்கையே சூலம் அருளுகிறாள். சுவரோவியங்களின் முன் அச்சிறுமி நிற்கும்போது புராணக் கதைகள் விரிகின்றன. அங்கே ஆயுதத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

சம்பந்தர் பாடிய கோணமாமலையைத் தினமும் காணும் நம் பிள்ளைகளுக்கு, காளியின் மண்டையோட்டு மாலையும் நீட்டிய நாவும் எவற்றைக் குறிக்கின்றன என்பதை அறநெறி வகுப்புகளில் விளக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். பிள்ளைகள் விளையாடும் விளையாட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்கினாலும் நல்லது.

ஒரு வாசகி,
திருகோணமலை.