தடிப்பு மறைந்தாலும் ஆறு மாதம் சிறுநீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வட சென்னைப் பக்கம் பிள்ளைகள் காலில் சிவப்புப் புள்ளி தெரிந்ததுமே டெங்குவோ என்று பதறுகிறோம். இல்லையென்றால், அம்மை போட்டிருக்கிறது என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டு டாக்டரிடமே போகாமல் இருந்துவிடுகிறோம். இரண்டும் இல்லாத ஒன்றும் உண்டு. சின்ன ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் அது. டாக்டர்கள் பழைய பெயரைச் சுருக்கி எச்.எஸ்.பி. என்பார்கள். பிள்ளைகளுக்கு வரும் ரத்தக்குழாய் அழற்சிகளில் இதுதான் அதிகம்.

கொருக்குப்பேட்டையில் என் தங்கை மகனுக்கு வந்தது. சளியும் தொண்டை வலியும் விட்ட கையோடு கணுக்காலிலிருந்து பின்புறம் வரை செந்நீலப் புள்ளிகள். தடவினால் விரலில் தட்டுப்படும், அமுக்கினால் மறையாது. முழங்கால் வீங்கி, வயிற்று வலியில் சுருண்டுவிட்டான். பிளேட்லெட் சரியாக இருந்தது. டெங்கு இல்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. தடிப்பும் மறைந்தது. மறுபடி வந்து சிறுநீரைப் பாருங்கள் என்று அந்த கிளினிக்கில் ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் கண் இமை உப்பியிருக்கிறதே என்று வேறொரு டாக்டரிடம் காட்டியபோதுதான் சிறுநீரில் புரதமும் ரத்தமும் போவது தெரிந்தது.

இந்த நோய் வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் முதல் ஓரிரு மாதத்துக்குள் வந்துவிடும். வலி இருக்காது, சிறுநீரின் நிறமும் மாறாமல் இருக்கலாம். அதனால்தான் முதல் பரிசோதனை நன்றாக இருந்தாலும் ஆறு மாதம் வரை சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்தால் சிறுநீரகம் தப்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், பெற்றோர் பயப்பட வேண்டாம். ஆனால் சிலருக்கு, சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி வரை போக வேண்டியிருக்கும். மிகச் சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடுவதும் உண்டு. அந்தச் சிலரை அடையாளம் காட்டுவது இந்தச் சாதாரணப் பரிசோதனைதான்.

புரதமோ ரத்தமோ போகிறதா என்று காட்டும் பரிசோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, பட்டையின் நிறம் மாறுகிறதா என்று பார்க்க ஓரிரு நிமிடம் போதும். ரத்த அழுத்தம் பார்க்க மட்டும் பிள்ளையின் கைக்கு ஏற்ற சிறிய பட்டி வேண்டும். பெரியவர்கள் பட்டியைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டிவிடும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நோய் என்று எழுதும் சீட்டிலேயே, ஆறு மாதத்துக்கு எந்தெந்தத் தேதியில் வர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிற அம்மாக்கள் கையில் தேதி இருந்தால் கண்டிப்பாக வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81.