பருவ நிறைவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

ஷாலோம். புளித்த மாவுப் பண்டம் வீட்டில் இருக்கக் கூடாத பெசாஹ் (பாஸ்கா) பண்டிகை நெருங்குகிறது, வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கு தேடித் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நமது இணையவழி ஹேடரில் (யூதச் சிறுவர் சமயப் பள்ளியில்) இந்தப் பருவம் நன்றாகவே நடந்தது. தொடக்க வகுப்பினர் எபிரேய எழுத்துகள் 22-ஐயும் முடித்துவிட்டார்கள். மூத்தவர்கள் ஷெமா என்னும் அன்றாட வேண்டுதலைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள். சின்னஞ்சிறுவர்கள் பெசாஹ் விருந்து நடக்கும் செடர் இரவுக்காக மா நிஷ்தனா என்ற கேள்விப் பாடலைப் பாடிப் பழகியிருக்கிறார்கள். புதன் இரவுப் பெற்றோர் வகுப்பும் யூத நூல்களைத் தரும் செஃபாரியா இணையதளத்தின் துணையோடு, முன்னோர் அறவுரைத் தொகுப்பான பிர்கே அவோத்தின் முதல் அத்தியாயத்தை முடித்திருக்கிறது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

சில வாரங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இனிச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை 10 மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. 10.20-க்குப் பிள்ளைகளை இருவர் இருவராகத் தனி அறைகளுக்கு அனுப்புகிறோம். அது ஹவ்ரூத்தா நேரம். ஒருவர் வாசிக்க, மற்றவர் இடைமறித்துக் கேட்க, வாதாடிப் பொருள் காணும் நம் பழைய முறை. தனியே அமர்ந்து படிக்கும் அறிஞருக்கும் அறிவு மழுங்கும் என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூது எச்சரிக்கிறது.

சென்ற மாதம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அந்த அறையில் 12 நிமிடம் தனியாகக் காத்திருந்தாள். புத்தகத்தின் முதல் வரியில் விரல் வைத்தபடியே இருந்தாள். ஆசிரியை போய்ப் பார்த்தபோது, "என்னோடு படிக்க அவளுக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். தோழியோ கால்பந்து ஆட்டத்துக்குப் போகும் காரில் இருந்தாள்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். வார ஓய்வுநாளான சபாத் அன்று திரையைத் தொடுவதில்லை. எனவே வகுப்பு, விளையாட்டு, உறவினர் வீடு எல்லாம் ஞாயிறு காலைக்குள் வந்து நெருக்குகின்றன. ஆனால் நம் குடும்பங்களில் சில, பிரிட்டனின் சிற்றூர்களில் அந்த ஊரின் ஒரே யூதக் குடும்பமாக வாழ்பவை. அப்பிள்ளைகளுக்குத் தம் வயதில் இருக்கும் ஒரே யூதத் தோழமை அந்தத் திரையில் தெரியும் முகம்தான்.

"பதிவைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம்" என்று சிலர் எழுதுகிறீர்கள். தாஃப் யோமி, அதாவது நாளுக்கு ஒரு பக்கமாகத் தல்மூது, படிக்கும் பெரியவர்களுக்கு அது பொருந்தும். 2,711 பக்கங்களை ஏழரை ஆண்டுகளில் கடப்பவர்கள், தவறிய நாளின் விரிவுரையை ரயிலில் கேட்டுக்கொள்ளலாம். குழந்தை பிழையாக வாசித்தால் பதிவு திருத்தாது, திருப்பிக் கேள்வியும் கேட்காது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவம் முதல் 10.15-க்குப் பிறகு இணையும் பிள்ளைகள் அன்று ஹவ்ரூத்தாவில் சேர முடியாது. ஆசிரியரோடு பொது அறையில் இருப்பார்கள். ஓடும் காரிலிருந்து இணைவதை ஏற்க மாட்டோம். சொல்லாமல் மூன்று வாரம் வராவிட்டால் துணையை வேறொருவரோடு சேர்த்துவிடுவோம். இவற்றுக்கு விலக்குக் கேட்க வேண்டாம்.

காய்ச்சல், இணையத் தடை, வீட்டில் துக்கம் என்றால் அது வேறு. ஒரு வரி அனுப்புங்கள். சபாத் முடிந்து சனி இரவு அனுப்பினாலும் போதும், மாற்றுத் துணை தேடிவிடுவோம்.

ஞாயிறுதோறும் சமையலறை மேசையை வகுப்பறையாக்கித் தருகிறீர்கள். தாமும் அலெஃப் பெத் (எபிரேய அரிச்சுவடி) கற்றுக்கொண்டு பிள்ளையின் அருகில் அமர்ந்து வாசிக்கும் அம்மாக்களையும் அப்பாக்களையும் திரையில் பார்க்கிறேன். அந்தக் காட்சி எங்கள் ஆசிரியர்களுக்கு எவ்வளவு தெம்பு தருகிறது என்பதை நேரில் சொல்ல வாய்ப்பில்லை. மனமார்ந்த நன்றி.

பெசாஹ் முடிந்த அடுத்த ஞாயிறு, காலை 10 மணிக்குச் சந்திப்போம். ஹாக் சமேயாஹ்!

அன்புடன்,
தலைமையாசிரியர்