கம்பாலாவுக்கு ஓர் இரவு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உகாண்டா என்றாலே நம் சுற்றுலாப் பக்கங்களில் மலைக் கொரில்லாவும் நைல் நதியும்தான் இடம்பிடிக்கின்றன. பயண நிறுவனங்களின் திட்டத்திலும் தலைநகர் கம்பாலாவுக்குக் கிடைப்பது ஓர் இரவுத் தங்கல். விடியற்காலையில் வண்டி காட்டை நோக்கிக் கிளம்பிவிடும். ஆப்பிரிக்காவின் ஒரு பழைய அரச மரபு இன்றும் உயிரோடிருக்கும் நகரத்தைப் பார்க்காமலே கடந்து போவது பெரிய இழப்பு. அங்கே செல்லும் தமிழர்கள் குறைந்தது இரண்டு முழுப் பகல்களை ஒதுக்க வேண்டும். அவற்றைக் குன்றுவாரியாகப் பிரித்துக்கொள்ளவும் வேண்டும்.

கம்பாலா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர். இன்று ஏழைத் தாண்டி வெகுதூரம் பரவிவிட்டது. ஒவ்வொரு குன்றும் ஒருவர் கையில் இருந்தது என்பதுதான் இந்த நகரத்தைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். உகாண்டாவுக்குள் இருக்கும் பழைய அரசான புகாண்டாவின் மன்னருக்கு (கபாகா என்பது அவர் பட்டம்) மெங்கோ குன்று. 1890இல் வந்த ஆங்கிலேய அதிகாரி லுகார்ட் கோட்டை கட்டியது பழைய கம்பாலா குன்றில். ஆங்கிலிக்கன் சபையார் நமிரெம்பேயிலும், பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார் ருபாகாவிலும், முஸ்லிம்கள் கிபுலியிலும் நிலைகொண்டார்கள். 1892 ஜனவரியில் புராட்டஸ்டண்ட் தரப்பும் கத்தோலிக்கத் தரப்பும் மெங்கோவில் மோதிக்கொண்டன. லுகார்டின் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி புராட்டஸ்டண்ட் தரப்புக்குக் கைகொடுத்தது. கத்தோலிக்கர் என்றால் பிரெஞ்சுக்காரர் பக்கம் என்ற எண்ணத்தை மாற்ற, பின்னர் ஆங்கிலக் கத்தோலிக்கத் துறவிகள் வரவழைக்கப்பட்டு அவர்களுக்கு ந்சாம்பியா குன்று தரப்பட்டது. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால், ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றின் கோபுரத்தைப் பார்க்கும்போது அது ஏன் அங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

ஆகவே முதல் நாளைப் பழைய கம்பாலா குன்றின் தேசியப் பள்ளிவாசலில் தொடங்குங்கள். இடி அமீன் காலத்தில் தொடங்கி நின்றுபோன கட்டுமானத்தை லிபியாவின் கடாபி பணம் கொடுத்து முடித்துவைத்தார். மினாரில் 300க்கும் மேற்பட்ட படிகள் சுழன்று ஏறுகின்றன. மேலே நின்றால் எல்லாக் குன்றுகளும் சுற்றிலும் தெரியும். கூட வரும் வழிகாட்டியிடம் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் இந்த இரண்டு நாளும் வழி தெரியாமல் திண்டாட வேண்டாம். பெண்களுக்குத் தலைத்துணியும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணியும் வாசலிலேயே தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் போனால் காத்திருக்கத்தான் வேண்டும். காலையில் ஏறுவதே நல்லது; பிற்பகலில் பல நாள் மழைமேகம் கவிந்து எதிர்க்குன்றுகூடத் தெரியாது.

அங்கிருந்து மேற்கே நமிரெம்பே. 1910இல் மின்னல் தாக்கி எரிந்த பழைய ஆலயத்துக்குப் பதிலாக 1915க்கும் 1919க்கும் இடையே எழுந்த செங்கல் பேராலயம் இது. அடுத்த குன்றில் இரட்டைக் கோபுரங்களுடன் ருபாகா பேராலயம், 1925இல் அர்ச்சிக்கப்பட்டது. நவீன காலத்தின் முதல் ஆப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்களில் ஒருவரான ஜோசப் கிவானுகாவின் கல்லறை இங்கே இருக்கிறது. இரண்டுக்குமாக ஒரு மணி நேரம் போதும். ஞாயிறு காலை வழிபாட்டின்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள்.

மெங்கோவில் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். மன்னரவையான புலாங்கேவுக்கும் லுபிரி அரண்மனைக்கும் இடையே ஒரே நேர்கோட்டில் சாலை போகிறது. அதன் இரு மருங்கிலும் புகாண்டா குலங்களின் சின்னங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. நடுவில் ஒரு வட்டச் சந்திப்பு. எல்லா வண்டிகளும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். குறுக்கே நேராகப் போகும் வழி கபாகாவுக்கு மட்டும், மற்ற நேரமெல்லாம் அது பூட்டியே கிடக்கும். அரண்மனையின் உள்ளே பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். 1966 மே மாதம் நாட்டின் அன்றைய ஆட்சியாளர் ஒபோட்டேயின் படை, பின்னாளில் ஆட்சியைப் பிடித்த இடி அமீன் தலைமையில், இந்த அரண்மனையைத் தாக்கியது. கபாகா இரண்டாம் முத்தேசா தப்பி லண்டன் சேர்ந்து 1969இல் அங்கேயே இறந்தார். தாக்குதலுக்கு மறு ஆண்டே, 1967இல், நாட்டின் மரபுவழி மன்னரரசுகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. 1993இல்தான் மீண்டும் அங்கீகாரம் கிடைத்தது. வளாகத்தின் கோடியில் அமீன் காலத்துச் சித்திரவதைக் கிடங்கு இருக்கிறது. சிறு குழந்தைகளை அங்கே அழைத்துப் போவது சரியல்ல. பெரியவர்கள் தவிர்க்கவும் கூடாது.

அன்றைய பிற்பகல் முழுவதையும் கபாகாக்களின் சமாதிகள் உள்ள கசூபிக்குக் கொடுங்கள். நகர மையத்திலிருந்து வடமேற்கே சுமார் 5 கிலோமீட்டர். முதலாம் முத்தேசா 1882இல் கட்டிய அரண்மனை, 1884இல் அவர் மறைந்தபின் சமாதியாயிற்று. அவருக்குப்பின் முவாங்கா, இரண்டாம் தாவுதி ச்வா, இரண்டாம் முத்தேசா ஆகியோரும் இங்கேயே. நாடு கடத்தப்பட்டு செஷல்ஸ் தீவில் இறந்த முவாங்காவின் உடல் 1910இலும், லண்டனில் இறந்த முத்தேசாவின் உடல் 1971இலும் இங்கு கொண்டுவரப்பட்டன. தரையைத் தொடும் புல்வேய்ந்த பெரிய வட்டக் குடில்தான் சமாதி மண்டபம். உட்கூரையில் புகாண்டாவின் 52 குலங்களைக் குறிக்கும் 52 வளையங்களைப் பார்க்கலாம். கூரை வேயும் உரிமை ங்கேயே குலத்தாருக்கு மட்டுமே. உள்ளே மரப்பட்டைத் துணித் திரை ஒன்று தொங்கும். கபாகா இறப்பதில்லை, காட்டுக்குள் மறைகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது அந்தப் புனிதக் காடு. அதைத் தாண்டிப் போகவோ எட்டிப்பார்க்கவோ கூடாது.

2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த மண்டபம் 2010 மார்ச் 16 இரவு எரிந்து போனது. புல், நாணல், மரம், மரப்பட்டைத் துணி எல்லாம் சேர்ந்த கட்டடம். தீப்பிடித்தால் மிஞ்சுவதற்கு எதுவுமில்லை. மீண்டும் கட்டப் பத்தாண்டுக்கு மேல் ஆனதைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இன்னின்ன குலத்தார் இன்னின்ன வேலையைச் செய்ய வேண்டும் என்ற மரபு உள்ள இடத்தில், ஒப்பந்தக்காரரிடம் விட்டு ஆறு மாதத்தில் முடித்திருந்தால் அது வெறும் மாதிரிக் குடிலாகப் போயிருக்கும். 2023இல் ஆபத்திலுள்ள மரபுச்சின்னங்களின் பட்டியலிலிருந்து கசூபி நீக்கப்பட்டது. மண்டபத்தின் உட்பகுதிக்கு அன்று அனுமதி உண்டா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், பெண்கள் நீளப் பாவாடையோ சுற்றுத்துணியோ அணிய வேண்டும், பாயில் உட்கார வேண்டும். புடவையில் போகும் நம் பெண்களுக்கு இது ஒரு சிரமமே இல்லை.

மரப்பட்டைத் துணி என்றேனே, அது முத்துபா என்ற அத்தி இன மரத்தின் உட்பட்டையை மழைக்காலத்தில் உரித்து, வரிவெட்டிய மரச் சுத்தியால் மணிக்கணக்காக அடித்து விரிப்பது. செம்மண் நிறத்தில் இருக்கும். உரித்த தண்டில் வாழையிலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் மரம் பட்டுப்போகாமல் மறுபடி பட்டை கட்டும். நெசவே இல்லாததால் அசல் துணியில் இழை தெரியாது. கனம் இடத்துக்கு இடம் மாறும், ஒட்டுத் தையலும் இருக்கும். கைவினைக் கடையில் வாங்குவோர் இதைப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாம் நாள் கிழக்கும் வடக்கும். கிட்டாந்தே குன்றிலுள்ள உகாண்டா அருங்காட்சியகம் 1908இல் தொடங்கப்பட்டது; அதன் இசைக்கருவிக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். பின்பு கிகாயா குன்றில் 1961இல் திறக்கப்பட்ட பஹாய் கோயில், ஒன்பது பக்கங்களும் பச்சைக் குவிமாடமும் கொண்டது. நகரின் சத்தமெல்லாம் ஓய்ந்த இடம். மாலையில் ந்டின்டாவிலுள்ள ந்டேரே கலை மையத்தில் நாட்டின் பல இனங்களின் நடனங்களை ஒரே மேடையில் பார்க்கலாம். எல்லா நாளும் நிகழ்ச்சி கிடையாது. கேட்டுக்கொண்டு நாளை அமைக்கவும்.

இனி, எங்கே பிசகுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்பதை நம்பி நடக்கக் கிளம்புவதுதான் முதல் பிழை. எந்தக் குன்றிலிருந்து எந்தக் குன்றுக்குப் போனாலும் இடையில் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். போக்குவரத்து முழுவதும் அந்தப் பள்ளங்களில்தான் வந்து முடங்குகிறது. அவை முன்பு சதுப்பு நிலங்கள். மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழை கொட்டினால் நகிவுபோ கால்வாய் நிரம்பித் தாழ்வான சாலைகளில் வெள்ளம் நிற்கும். மழை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வடியும்வரை குன்றின் மேலேயே இருந்துவிடுவது நல்லது. மாலை 5 மணிக்கு மேல் குறுக்கே நகரத்தைக் கடக்கும் திட்டம் வைக்காதீர்கள்.

அங்கே டாக்ஸி என்பது 14 பேர் ஏறும் வேன். நிரம்பிய பிறகுதான் நகரும். தனி வண்டி வேண்டுமானால் ஸ்பெஷல் என்று கேட்க வேண்டும். போடாபோடா என்ற வாடகை மோட்டார் சைக்கிள் வேகமானது. செயலி வழியாக அழைத்தால் கட்டணம் முன்பே தெரியும். தலைக்கவசம் தராதவரின் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். இரவில் போடாபோடாவே வேண்டாம். யாரிடம் வழி கேட்டாலும் முதலில் நலம் விசாரித்துவிட்டுக் கேளுங்கள். ஆணை சேபோ என்றும் பெண்ணை ன்யாபோ என்றும் அழைத்தால் முகம் மலரும்.

விசாவுக்கு இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டாக வேண்டும். அந்த அட்டையை எண்டெபே விமான நிலையத்தில் மட்டுமல்ல, இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். இல்லாதவரை 6 நாள் வரை தனிமைப்படுத்த விதியில் இடமுண்டு. அட்டையைப் பெட்டிக்குள் போட்டுப் பதிவுசெய்துவிடாமல் கைப்பையில் பாஸ்போர்ட்டுடனேயே வைத்திருங்கள். டாலர் கொண்டுபோவோர் புதிய 50, 100 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோகவும். பழைய அச்சு நோட்டுகளையும் சில்லறை நோட்டுகளையும் மாற்றுக்கடைகள் குறைந்த விலைக்கு எடுக்கும், அல்லது எடுக்கவே மாட்டா.

தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் அடுத்த முறை உகாண்டா வரும்போது, கசூபிக்கும் மெங்கோவுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்