ஹண்டர் போட்டிக்கு எந்த மட்டக்குதிரை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறார் குதிரையேற்றம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, ‘ஹண்டர்’ எனப்படும் தடைதாண்டும் போட்டிக்கும் ராஜஸ்தானின் மார்வாரி இனக் குதிரையே போதும் என்ற எண்ணத்தை ஏற்படுத்துகிறது. கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஹண்டர் போட்டியில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. தடைகளைச் சீரான வேகத்தில் தாண்டி வரும் குதிரையின் நடை, தாண்டும் பாங்கு, குணம் ஆகியவற்றுக்கே நடுவர் மதிப்பெண் இடுகிறார். மிதவேக ஓட்டமான டிராட்டில் முழங்காலை அதிகம் மடக்காமல், முன்னங்காலை நீட்டித் தரையையொட்டி வைக்க வேண்டும். தாண்டும்போதோ அதே முழங்கால்கள் இரண்டும் ஒன்றுபோல் மேலெழுந்து மடங்க வேண்டும். நம் ஊரில் குதிரைக்கு அழகு என்று கொண்டாடுவது அந்த டிராட் நடைக்கு நேர்மாறானது. அந்தியூர் ஆடிச் சந்தையில் மேளத்துக்கு ஏற்ப முழங்காலைத் தூக்கி ஆடும் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வருபவையும் அப்படிப் பழக்கப்பட்டவையே. மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி ஆகிய இனங்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே ‘ரேவால்’ என்ற குலுங்காத நடை உண்டு. நெடுந்தூரச் சவாரிக்கு அது சுகம்தான், ஆனால் ஹண்டர் களத்தில் எடுபடாது. போதாக்குறைக்கு, மார்வாரிகளில் பல 58 அங்குல உயரத்தைத் தாண்டிவிடுவதால் மட்டக்குதிரைப் பிரிவிலேயே சேரா.

அமெரிக்க விதிகளின்படி சிறிய, நடுத்தர, பெரிய மட்டக்குதிரைகளுக்கு முறையே 50, 54, 58 அங்குலம் என்று மூன்று உயர வரம்புகள் உள்ளன. சிறிய பிரிவுக்குத் தடை 2 அடி 3 அங்குலம், நடுத்தரப் பிரிவுக்கு 2 அடி 6 அங்குலம். அங்கு இக்களத்தில் மேலோங்கி நிற்பவை வேல்ஸ் நாட்டு ‘வெல்ஷ்’ மட்டக்குதிரைகளும் அவற்றின் கலப்பினங்களும்தான். குறிப்பாக, சவாரிக்கென்றே வளர்க்கப்படும் ‘பி’ பிரிவு. அதே இனத்தின் ‘சி’, ‘டி’ பிரிவுகள் முழங்காலைத் தூக்கி நடப்பவை என்பதால் ‘வெல்ஷ்’ என்ற பெயரை மட்டும் கேட்டுப் பணம் கொடுத்துவிடக் கூடாது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அயர்லாந்தின் கொனிமாரா பொருந்தும். நிதானமும் தாண்டும் திறனும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஹாக்னி இனம் வண்டிக்கு உரியது. மிகக் குட்டையான ஷெட்லாந்து இனத்துக்கோ, இரு தடைகளுக்கு இடையே இத்தனை காலடிகளில் கடக்க வேண்டும் என்ற கணக்குக்குக் கால் எட்டாது.

இறக்குமதி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. உள்நாட்டு இனங்களில், போலோ ஆட்டத்தில் பெயர் பெற்ற மணிப்புரி மட்டக்குதிரை உயரத்தில் சிறிய, நடுத்தரப் பிரிவுகளுக்குள் அடங்கும். நடை பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பழக்கினால், தாழ்வான தடைகளுக்கு முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

தரகர்கள் குதிரையின் தலையை உயர்த்திப் பிடித்து உயரம் சொல்வார்கள். சமதளத்தில் நிறுத்தி, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் அளப்பதே முறை. டிராட்டைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். மாதவரத்தில் இயங்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், குதிரை வாங்க முனையும் பெற்றோருக்காக உயரம், கால், குளம்பு ஆகியவற்றைச் சோதித்துச் சொல்லும் முகாம்களை நடத்த முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாதவரம், வடசென்னை.