துப்பியது ஒருவன், ரிப்போர்ட் வீட்டுக்கே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனிமனித மரபணு வரிசை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'தன்னைத் தானே அறிய' என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் எனக்கு வழக்கு.

பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன், சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வந்தபோது மரபணுப் பரிசோதனைக்கான ஒரு பிளாஸ்டிக் குழாயோடு வந்தான். கோடு வரைக்கும் எச்சில் துப்ப வேண்டுமாம், நுரை கணக்கில் வராதாம். "புளியங்காயை நினைச்சுக்கோடா" என்று அம்மா யோசனை சொன்னார். சில வாரத்தில் ரிப்போர்ட்: பீட்டா தலசீமியா கேரியர். அதாவது, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவன், நோயாளி அல்ல. அவனுக்கு ஒரு தொல்லையும் கிடையாது. வீட்டில்தான் தொடங்கியது, அப்பா வழியா அம்மா வழியா என்று. அக்கா கட்டிக்கொண்டது எங்கள் தாய்மாமனை. இரண்டு வழியிலும் பாதி ஒரே வழி, யாரைக் குறை சொல்வது?

மனிதனின் மரபணுத் தொகுப்பில் உள்ள 300 கோடி எழுத்தில் இருவருக்குள் வித்தியாசம் ஆயிரத்துக்கு ஒன்று போல என்கிறார்கள். அந்த ஒன்றிலும் சொந்தக்காரர்களுக்குப் பங்கு உண்டு. சாதாரணமாக மாமனுக்கும் மருமகனுக்கும் கால் பங்கு பொது. அக்கா தாய்மாமனையே கட்டியதால் எங்களுக்கு எட்டில் மூன்று வருகிறது (கணக்கு வாத்தியார் புத்தி, போட்டுப் பார்த்துவிட்டேன்). அவன் ரிப்போர்ட்டில் எங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறது, எங்களை யாரும் கேட்கவில்லை.

என் மகளை அவனுக்குத்தான் பேசி வைத்திருந்தோம். இருவருமே கேரியராக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றும்படி ஆகிவிடும். சரி என்று எல்லோரும் வேலூர் போய் ரத்தம் கொடுத்தோம். ரத்தத்தில் ஹீமோகுளோபினின் ஒரு வகையை அளக்கும் ஹெச்பி ஏ2 என்ற சாதாரணப் பரிசோதனை, முழு மரபணுவையும் படிக்கத் தேவையே இல்லை. அவனுக்கு உறுதியானது. எனக்கும் இருக்கிறது! ரத்தசோகை என்று வருஷக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியது இதற்குத்தான் போலும். மகளுக்கு இல்லை. ஆனாலும் நெருங்கின சொந்தத்தில் வேறு குறைகளும் ஒத்துப்போகலாம் என்பதால், இரண்டு பேரும் மரபணு ஆலோசனைக்குப் போகிறார்கள். அப்புறம்தான் நிச்சயதார்த்தப் பேச்சு.

குழாய் விற்பவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். எங்கள் வடஆற்காட்டுப் பக்கம் அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டுவது இன்னும் நிற்கவில்லை. கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக, ஹெச்பி ஏ2 பற்றி ஒரு பக்கமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.