பொங்கலுக்கு வருகிற பாப்பாவுக்கு

காசிமேடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய விமான விவரத்தைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. லண்டனில் மதியம் 1 மணிக்கு ஏறினால் சென்னையில் மறுநாள் விடிகாலை 4.30. பதினைந்தரை மணி நேரம் பிள்ளை ஆகாயத்திலேயே இருக்கணுமா என்று கேட்கிறாள். குளிர்காலத்தில் நம் நேரம் அங்கே இருப்பதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்தால் 10 மணி நேரம்தான் என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பிக் காட்டினேன். அப்புறம்தான் சமாதானமானாள்.

நேர் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் நம் கணக்கில் 4,400 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. விமானம் ஓட்டுகிறவர்களும் தூரத்தைக் கடல் மைலில்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம் மீன்பிடி போட்டு மணிக்கு 8 கடல் மைல் ஓடும். அந்த வேகத்தில் இந்தத் தூரத்துக்கு 23 நாள் ஆகும். நீ ஒரு ராத்திரியில் வந்துவிடுகிறாய்.

போன தடவை வரும்போது 10 மணி நேரம், திரும்பிப் போகும்போது கிட்டத்தட்ட 11. அதே ஊர், அதே தூரம். காற்றுதான் காரணம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஒரு காற்று ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். வடக்கே குளிரும் தெற்கே சூடும் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அவ்வளவு வேகம் பிடிக்கும். அதனால் குளிர்காலத்தில்தான் அதற்குப் பலம் அதிகம், மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியும் வீசும். இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. எதிர்காற்றில் எத்தனை நாள் கரை திரும்பியிருக்கிறேன்! இஞ்சின் அதேதான், டீசல்தான் தீர்ந்துகொண்டே போகும், கரை கிட்டவே வராது. நீ வருவது தை மாதம், காற்று உன் முதுகில்தான்.

ஒன்று மட்டும் கேள். துபாய் மாறி வந்தால் டிக்கெட் குறைச்சல் என்றாய். லண்டனிலிருந்து துபாய் சுமார் 5,500, துபாயிலிருந்து சென்னை 2,900. சேர்த்துப் பார்த்தால் நேராக வருவதைவிட 200 கிலோமீட்டர்தான் கூடுதல். தூரத்தில் ஒன்றுமில்லை, இடையில் காத்திருப்பதில்தான் எல்லாம் போகிறது. இரண்டு வருஷம் முன்பு முதல் விமானம் தாமதமாகி, அடுத்ததைத் தவறவிட்டு, ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாயே. இங்கே நாங்களும் படுக்கவில்லை. நேர் விமானத்திலேயே வா. கூடுதல் பணத்தை நான் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. முடியவே முடியாது என்றால் நடுவில் மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடு.

விடிகாலை 4.30க்கு ஆட்டோ, கார் எதுவும் பேச வேண்டாம். முந்தின ராத்திரி மெட்ரோவிலேயே நான் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பேன். நீ பெட்டி எடுத்து வெளியே வருவதற்கும் காலையில் முதல் வண்டி கிளம்புவதற்கும் சரியாக இருக்கும். விம்கோ நகர் வண்டியில் ஏறினால் தண்டையார்பேட்டை வரை மாறாமல் வந்துவிடலாம். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா