சூடம் அணைத்து வாங்கும் ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாக்காளர் விழிப்புணர்வில் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பங்கெடுக்க வேண்டும் என்று உங்கள் தலையங்கம் சொல்லியிருந்தது. சரிதான். ஆனால் 'அனைவரும் தவறாமல் வாக்களிப்பீர்' என்று மைக்செட்டில் சொல்வதோடு அது முடிந்துவிடும் என்றால், எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். மத்திய சென்னையிலும் தென்சென்னையிலும் 54 சதவீதத்தை ஒட்டித்தான் பதிவானது. அந்த அறிவிப்பைச் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செய்யட்டும். கிராமங்களில் ஓட்டுப் போட ஆள் வராமல் இல்லை. வருகிறவர்களை எதைச் சொல்லிக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஆசிரியையாக இருந்தபோது வாக்குச்சாவடிப் பணிக்குப் போயிருக்கிறேன். ஒரு தேர்தலில் விரலில் மை வைக்கும் வேலை எனக்கு. ஒரு பாட்டி மை வைத்த பிறகும் நகராமல், குனிந்து, "தாயி, மாத்திப் போட்டா தெரிஞ்சிருமா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். "மனுசனுக்குத் தெரியாது, சரி. நான் சூடத்தை அணைச்சுல்ல சத்தியம் பண்ணிட்டேன்" என்றார். வாக்குச்சாவடி அலுவலர் அதற்கு மேல் பேசக் கூடாது. உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாக்காளர் பட்டியலை வைத்து வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் பார்த்துக் கவர் வரும். அப்புறம் தட்டில் சூடம் வரும், அல்லது குலசாமி படம் வரும், பிள்ளை தலையில் கை வைக்கச் சொல்வார்கள். சில வீடுகளில் பைபிள். வாக்கு ரகசியமானது என்பதால் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடைக்காது; இந்தச் சத்தியம்தான் ரசீது. பணத்தைப் பறக்கும் படை பிடிக்கலாம். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை நிறுத்தினார்கள், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். சத்தியத்தை எந்தப் பறக்கும் படை பறிமுதல் செய்யும்?

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. இப்படிப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று வாக்காளரை நம்ப வைப்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவுப்படி முறையற்ற செல்வாக்கு, தேர்தல் ஊழல். பணம் கொடுத்தது ஒரு குற்றம், அதற்குச் சாமியைச் சாட்சிக்கு இழுத்தது இன்னொன்று. ஆனால் அந்தப் பாட்டியிடம் போய்ச் சட்டப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள். அவர் பயம் நீதிபதியிடம் இல்லை.

அந்தப் பயத்தை எடுக்கக்கூடியவர் பூசாரியும் பங்குத்தந்தையும் இமாமும்தான். தேர்தல் ஆணையத்தால் முடியாத வேலை இது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பூசையில் கூடுகிற பெண்களிடம், "காசு கொடுத்து வாங்கின சத்தியம் அம்மனைச் சேராது, மனசு உறுத்தினா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிஞ்சு உண்டியலில் போடுங்க" என்று ஒரு பூசாரி சொன்னால் போதும். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின் ஜும்மா பயானில் (உரையில்) சொல்வதற்குப் புதிதாக எதுவும் தேடவே வேண்டாம். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகள் நாயகம் சபித்திருக்கிறார். தவறு செய்வதற்காக இட்ட ஆணை ஒருவரைக் கட்டாது என்பது கத்தோலிக்கருக்கும் பழைய போதனைதான்.

பிலிப்பைன்ஸில் கர்தினால் ஜெய்மி சின் இதற்கு வேறு வழி சொன்னார்: இரையைத் தின்னுங்கள், தூண்டில் முள்ளை விழுங்காதீர்கள் என்று. அதாவது பணத்தை வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போடுங்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நம் சட்டத்தில் வாங்குவதும் குற்றம். தவிர, ஒருமுறை கை நீட்டியவர்கள் அடுத்த முறை 'எங்க தெருவுக்கு இன்னும் வரலையே' என்று மறியல் செய்வதையும் பார்த்துவிட்டோம். ஆனால் அந்த நாட்டுத் திருச்சபையிடமிருந்து கற்க இன்னொன்று இருக்கிறது. 1986 தேர்தலில் கன்னியாஸ்திரிகள் வாக்குப்பெட்டிகளுக்குக் காவல் இருந்தார்கள். பின்னர் பங்குகளின், அதாவது ஊர்த் தேவாலயங்களின், தொண்டர்களைத் திரட்டி ஓர் அமைப்பே உருவானது. வாக்குச்சாவடி முடிவுத் தாள்களின் பிரதியை வாங்கி, கணினி அனுப்பிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அது செய்கிறது. இன்னாருக்குப் போடு என்று சொல்லாமலேயே இவ்வளவு செய்ய முடியும்.

இன்னாருக்குப் போடு என்று சொல்வது இங்கே கூடவே கூடாது. வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது தேர்தல் ஊழல் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது.

சரி, பூசாரி ஏன் வாயைத் திறப்பதில்லை? கோயில் கமிட்டியே வாங்கியிருக்கும். தேர்தல் நெருங்கினால் ஒரு கோயிலுக்கு வெண்கல மணி வரும், ஒரு சர்ச்சுக்கு வெள்ளையடிப்பு நடக்கும், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை இறங்கும். எங்கள் ஊரில் திருவிழா வரவு செலவுப் பலகையில் 'நலம் விரும்பி' என்ற பெயருக்கு எதிரே ஒரு பெரிய தொகை இருந்தது. யார் என்று ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வீடு கொடுத்தால் லஞ்சம், ஊர்ப் பொதுவுக்குக் கொடுத்தால் திருப்பணி என்று நாமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

ஆகவே, விழிப்புணர்வுப் பேரணியெல்லாம் அப்புறம் இருக்கட்டும். தேர்தல் அறிவித்த நாள் முதல் முடிவு வரும் வரை கட்சிக்காரர்களிடமோ வேட்பாளர்களிடமோ அவர்கள் அனுப்பும் ஆட்களிடமோ நன்கொடை வாங்குவதில்லை என்று ஒவ்வொரு கமிட்டியும் ஒரு தட்டி எழுதி வாசலில் கட்டட்டும். அறநிலையத் துறையும் வக்ஃபு வாரியமும் மறைமாவட்டங்களும் இதை ஒரு சுற்றறிக்கையாகவே அனுப்பலாம். உங்கள் இதழ் அவர்களிடம் இதைக் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.